மிஷன் பள்ளி வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் ஜெபம், வாரத்துக்கு ஒரு நன்னெறி பீரியட், ஆண்டுக்கு ஒரு வேதாகமத் தேர்வு. இவற்றைக் குறைவில்லாமல் நடத்திவிட்டால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து மிஷன் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் உண்மை பேசினால் கட்டுப்படியாகுமா, பொய் சொன்னால் தப்பிக்கலாமா என்று பிள்ளை கணக்குப் போடுவது கணக்கு பீரியடில்தான், நோட்டுத் திருத்தும் மேசைக்கு முன்னால்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழாம் வகுப்பிலும் சிலர் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிடுவதால் வரும் பிழை. சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, 'கரெக்‌ஷன் பண்ணிட்டு வா' என்று நோட்டைத் தள்ளினால், பக்கத்து பெஞ்சைப் பார்த்து ஆறில் ஐந்து என்று எழுதிக்கொண்டு வருவான். நீங்களும் டிக் போட்டு அனுப்புவீர்கள். பார்த்து எழுதினால் சார் சந்தோஷப்படுகிறார் என்பதுதான் அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது. அதற்குப் பதில், 'ஐந்தில் இரண்டு பெரிசா, அரை பெரிசா?' என்று கேளுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று அவனே யோசிக்கட்டும். வகுப்புத் தேர்விலும் 5 மார்க் கணக்கு என்றால் 4 மார்க்கை வழிமுறைக்கு வைத்து, விடைக்கு 1 மார்க் மட்டும் கொடுங்கள். வெறும் விடையைக் காப்பியடிப்பதில் அப்புறம் லாபம் இருக்காது.

45 பேர் வகுப்பில் இதெல்லாம் ஆகிற காரியமா என்றால், ஒரே நாளில் ஆகாது. நோட்டுக்கு 2 நிமிடம் என்றாலும் ஒன்றரை மணி நேரம் போய்விடும். நாளுக்கு 15 நோட்டாக வாங்குங்கள். அடிக்கடி வருகிற மூன்று பிழைகளைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எங்கே சறுக்கியது என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டதும் பதிலையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். எப்போதும் கை தூக்குகிற அந்த நாலு பேரைத் தாண்டி ஐந்தாவது கை எழும்ப அவ்வளவு நேரமாவது பிடிக்கும்.

அடுத்தது, உண்மை சொன்னவனுக்குக் கிடைக்கும் அடி. லேபில் பீக்கர் உடைகிறது. 'யார் உடைச்சது?' என்றதும் ஒருவன் எழுந்து நிற்கிறான். அவனுக்கு எல்லார் முன்னாலும் திட்டு, ஃபைன், 'அப்பாவைக் கூட்டிட்டு வா'. பேசாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றுமில்லை. அடுத்த பீக்கர் உடையும்போது ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அப்புறம் வகுப்பு முழுவதையும் முட்டிபோட வைப்பீர்கள், அது இன்னும் பெரிய தவறு. தானாக வந்து சொன்னால் வீட்டுக்குத் தகவல் போகாது, இரண்டு நாள் லேபைச் சுத்தம் செய்து கொடுத்தால் போதும் என்று ஜூன் மாதமே அறிவித்துவிடுங்கள். சொன்ன சொல்லை ஒருமுறை மீறினாலும் அந்த ஏற்பாடு செத்துப்போகும்.

பிரம்பை எடுக்க, பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்று சொல்லும் வேதாகமத்தின் நீதிமொழிகள் நூல் 13-ஆம் அதிகாரத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், கடுஞ்சொல் கோபத்தை எழுப்பும் என்று அதே நூலின் 15-ஆம் அதிகாரம் முதல் வசனம் சொல்வதையும் படிக்கலாம். சட்டமும் இருக்கிறது: 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 75-ஆவது பிரிவு, பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது.

பிரம்பை விட்டவர்கள் பலர் இம்போசிஷனைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலும் மோசம், 23-ஆம் சங்கீதத்தை 50 தடவை எழுதச் சொல்வது. ஆறு வசனம், ஐம்பது தடவை, ஆக முந்நூறு. பையன் இரண்டு பேனாவை ரப்பர் பேண்டில் சேர்த்துக் கட்டி ஒரே நேரத்தில் இரண்டு வரி எழுதிக்கொண்டிருப்பான். ஆறுதலுக்கென்று இருக்கும் பாடலைத் தண்டனையாக்கினால், பிறகு துக்க வீட்டில் அதை வாசிக்கும்போதும் கை வலிதான் ஞாபகம் வரும். எழுதத்தான் வேண்டுமென்றால், என்ன நடந்தது, யாருக்கு நஷ்டம், எப்படிச் சரிசெய்வது என்று அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள்.

அமெரிக்க மிஷனரிகள் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பள்ளிகளில் நெடுங்காலமாகவே எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். அந்த மிஷனின் வேலூர் ஊரீஸ் கல்லூரியில் படித்தவர்தான் முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டிலோ மத போதனையிலோ உட்காரவைக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. அட்மிஷன் ஃபாரத்தோடு சம்மதக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். சம்மதம் இல்லாத பிள்ளைகளை வராண்டாவில் சும்மா நிறுத்தாமல், நன்னெறி வகுப்புக்கு ஒரு அறையும் ஒரு ஆசிரியரும் ஒதுக்குங்கள். சேப்பல் வருகைக்கு இன்டர்னல் மார்க் போடும் வேலையே வேண்டாம்.

பேசுகிறவர்கள் பெயரைக் கிளாஸ் லீடரை விட்டுப் போர்டில் எழுத வைக்காதீர்கள். சிநேகிதன் பெயர் அதில் வராது, பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டார் விழும். லீடர் பதவியை வாரம் ஒருவருக்கு மாற்றி, சாக்பீஸ், வருகைப் பதிவேடு, குடிநீர் கேன் பொறுப்பைக் கொடுங்கள்.

ஃபீஸ் கட்டாதவர்கள் பெயரை வகுப்பில் வாசிப்பது வேண்டவே வேண்டாம். தோல் தொழிற்சாலைக்கும் பீடி சுற்றவும் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் வருஷம் முழுக்கத் தங்கும். தகவலை மூடிய கவரில் பெற்றோருக்கே அனுப்புங்கள்.

கடைசியாக அசெம்பிளி. வேலூர் ஜூன் வெயிலில் அரை மணி நேர அறிவுரைக்கு இரண்டு பிள்ளைகளாவது மயங்கி விழும். ஜெபம், செய்தி, தேசிய கீதம் எல்லாம் சேர்த்து 12 நிமிடத்தில் முடித்துக்கொண்டு, மற்ற அறிவிப்புகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.