இடைக்கால ஐரோப்பா: தேதியைப் பார்க்காமல் படித்தால் வரும் தவறுகள்

பிளாரன்ஸ் நகரத்து உயில் ஒன்று கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி: 1348 பிப்ரவரி 10. கொள்ளைநோய் அந்த ஊருக்குள் புகுந்தது 1348 வசந்த காலத்தில். அப்படியானால் நோய் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார் என்றுதானே தோன்றும்?

அங்கேதான் சறுக்குவோம். அன்றைய பிளாரன்ஸில் வருடம் பிறந்தது மார்ச் 25, அதாவது வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன திருநாளன்று. மார்ச் 24 வரை பழைய வருடமேதான். ஆக அந்த உயில் நம் கணக்கில் 1349. நோய் ஊரை வாரிக்கொண்டு போன பிறகு எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ள பீசாவில் அதே நாளுக்கு 1349 என்றே போட்டிருப்பார்கள். அங்கும் மார்ச் 25தான் புத்தாண்டு, ஆனால் எண்ணிக்கையில் பிளாரன்ஸை விட ஒரு வருடம் முந்தி. ஆவணம் எந்த ஊருடையது என்று தெரியாமல் வருடத்தைக் குறித்துக்கொள்ளவே கூடாது.

அடுத்தது, எழுதியவர் எப்போது எழுதினார் என்று கேட்காமல் விடுவது. 1095 நவம்பரில் பிரான்சின் கிளேர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்துப் பேசினார். அந்தப் பேச்சை அப்படியே மேற்கோள் காட்டுபவர்கள் ஏராளம். ஆனால் நம்மிடம் இருக்கும் முக்கியமான வடிவங்கள் 1099-இல் சிலுவைப்படையிடம் ஜெருசலேம் பிடிபட்ட பிறகு எழுதப்பட்டவை. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. துறவி ராபர்ட் தரும் பேச்சில் ஜெருசலேம்தான் மையம். சார்த்ரேயைச் சேர்ந்த ஃபுல்கர் தருவதிலோ கிழக்கிலுள்ள சகோதரர்களுக்கு உதவுங்கள் என்ற அழைப்பு இருக்கிறது, ஜெருசலேம் பெயரே இல்லை! முடிவு தெரிந்தவர்கள் எழுதிய தொடக்கம் இது. இவற்றை வைத்து, எழுதியவர்கள் போரை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். போப்பின் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பூமி தட்டை என்று இடைக்கால மக்கள் நம்பினார்கள் என்ற கதையை இன்னுமா சொல்வது? பூமி பந்து போன்றது என்று 725-இலேயே ஆங்கிலத் துறவி பீட் எழுதியிருக்கிறார். சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைக் கொன்ற வேட்டையும் உச்சத்துக்குப் போனது இடைக்காலத்தில் அல்ல, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்.

அப்புறம், பள்ளிப் புத்தகத்து நிலப்பிரபுத்துவக் கோபுரம். உச்சியில் அரசர், கீழே பிரபுக்கள், வீரர்கள், அடியில் உழவர்கள். பார்க்க அழகான படம்தான். ஆனால் நிலப்பிரபுத்துவம் என்ற சொல்லே பிற்காலச் சட்ட அறிஞர்கள் உருவாக்கியது. 1974-இல் வரலாற்றாசிரியர் எலிசபெத் பிரவுன் இதை ஒரு கட்டுரையில் கடுமையாகத் தாக்கினார். 1994-இல் இன்னொரு வரலாற்றாசிரியர் சூசன் ரேனால்ட்ஸ் இன்னும் விரிவாக. எல்லா நிலமும் யாரோ ஒரு பிரபுவிடமிருந்து பெற்றது என்று எடுத்துக்கொண்டால் தெற்கு பிரான்சில் உடனே மாட்டிக்கொள்வோம். அங்கே யாருக்கும் கட்டுப்படாத சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர்.