காலிங் பெல் அடித்தால் ஓட வேண்டாம்

65 வயதைத் தாண்டியவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுவதை முதலில் விட வேண்டும். எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்பக்கம் இறங்கும். இளவயதில் உடம்பு அதை நொடியில் சரிக்கட்டிவிடும். வயதானால் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு 2 நிமிடம் உட்காருங்கள். பாதங்களை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை அசையுங்கள். அப்புறம் எதையாவது பிடித்தபடி நில்லுங்கள்.

என்னைக் கேட்டால், காலிங் பெல்தான் பெரிய வில்லன். "இதோ வரேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் கூரியர்காரர் நிற்கத்தான் செய்வார். அடிக்கடி தலை சுற்றினால், படுத்தபடியும் நின்றபடியும் பிரஷர் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.