சொந்தமா ஒரு மொழி செய்யறீங்களா, ஒலி விஷயத்துல இங்கெல்லாம் சறுக்காதீங்க

கான்லாங், அதாவது நாமளே உருவாக்கற மொழி, பண்ண உக்காந்ததும் எல்லாரும் முதல்ல உலக மொழிங்களோட ஒலிக்கெல்லாம் குறி போட்டிருக்கற ஐபிஏ சார்ட்டத் தொறந்து கண்ணுல பட்டதையெல்லாம் அள்ளிப்போட்டுக்குவாங்க, நானும் அப்படித்தான், என் முதல் மொழில 38 மெய் ஒலி, தண்ணிக்கு நான் வெச்ச வார்த்தைய ரெண்டு வாரம் கழிச்சு என்னாலயே படிக்க முடியல.

ஒலிங்க தனித்தனியா வராது, குடும்பமாத்தான் வரும். ப, த, க இருந்தா பக்கத்துலயே ம, ந, ங இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டை விழலாம், ஆனா அதுக்கும் காரணம் இருக்கணும். அரபில 'பஸ்'ல வர்ற ப உண்டு, 'பத்து'ல வர்ற ப கிடையாது. டச்சுக்காரங்க சொந்த வார்த்தைங்கள்ல 'பக்கம்'ல வர்ற க இருக்கு, 'தங்கம்'ல வர்ற க இல்ல, ஏன்னா வாயோட பின்பக்கத்துல அடைச்சா காத்து நிக்க இடம் கம்மி, குரல் அதிர்வத் தொடர்ந்து குடுக்கறது கஷ்டம். சும்மா கண்ண மூடிட்டு ஒண்ணத் தூக்குனா செயற்கையாத்தான் தெரியும்.

இதவிடப் பெரிய தப்பு, லிஸ்ட் போட்டதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறது. எந்த ஒலி எங்க வரலாம், எங்க வரக்கூடாதுங்கறதுலதான் மொழியோட முகமே இருக்கு. நம்ம தமிழையே பாருங்க, 'பக்கம்', 'தங்கம்', 'மகன்' மூணுலயும் எழுதறது ஒரே க, வாய்ல வர்றது மூணு. ட-வுல வார்த்தை ஆரம்பிக்காது, அதனாலயே 'டயர்' வெளியூர்க்காரன்னு பாத்ததும் தெரிஞ்சுடுது. ஜப்பான்காரங்ககிட்ட 'மில்க்' போனா 'மிருக்கு'ன்னு திரும்பி வரும், ஏன்னா அங்க ல இல்ல, க்-ல வார்த்தை முடியவும் கூடாது. உங்க மொழிக்குள்ள ஒரு வெளி வார்த்தையத் தள்ளிப் பாருங்க, அது உருமாறாம அப்படியே வெளிய வந்துச்சுன்னா நீங்க இன்னும் விதியே போடலைன்னு அர்த்தம்.

கம்மியா வெச்சா வார்த்தை பத்தாதுன்னு பயப்படறவங்களுக்கு ஒரு கணக்கு. 2001-ல வந்த 'டோக்கி போனா'ங்கற கான்லாங்ல மெய் 9, உயிர் 5, பெருக்குனா 45 அசை, ரெண்டு அசை வார்த்தையே 2025 வரும். அசையோட கடைசில ன் சேத்துக்கலாம்னா அசை 90, வார்த்தை 8100. யி, வு மாதிரி சில சேர்க்கைங்க அங்க தடை, அதுவும் சரிதான், இ-யும் யி-யும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் கேக்கும், நாமளே எலிய யெலின்னுதான சொல்றோம், காதுக்கு எங்க வித்தியாசம் தெரியுது. ஆனா ரொம்பக் கொறச்சா வார்த்தை நீளும், 8 மெய் மட்டும் இருக்கற ஹவாயில ஒரு மீனோட பேரு ஹுமுஹுமுநுகுநுகுஆபுஅஅ, எண்ணிப் பாத்தா 12 அசை.

அப்புறம் இந்த ஒத்தை மேற்கோள் குறி (') பைத்தியம். வேத்துக்கிரக மொழி மாதிரி தெரியணும்னு வார்த்தைக்கு நடுவுல அதத் தெளிக்கறாங்க, கேட்டா அதுக்கு சத்தமே இல்லங்கறாங்க. ஹவாயில அந்தக் குறி ஒரு நிஜ மெய், தொண்டைய சட்டுனு அடைச்சுத் தொறக்கறது, மேல சொன்ன எட்டுல அதுவும் ஒண்ணு.

எல்லாம் போட்டாச்சுன்னா ஒரு 50 வார்த்தைய வேகமாப் பேசி ரெக்கார்ட் பண்ணி வைங்க, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டு எழுதுங்க. நான் எழுதினப்போ ஆறும் நெருப்பும் ஒரே வார்த்தையா வந்து நின்னுச்சு, தொண்டைல இருந்து வர்ற ரெண்டு ஹ-ல ஒண்ண அன்னிக்கே அழிச்சேன்.