தோட்டக் கழிவை உரமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்ட வேலைக்கு ஆள் வந்து வெட்டி, கூட்டி, மூட்டை கட்டி வண்டில ஏத்திட்டுப் போயிட்டா வேலை முடிஞ்சதுன்னுதான் நிறைய பேர் நினைக்கறாங்க. அந்த மூட்டை எங்க போகுதுன்னு யாரும் கேட்கறதில்ல. என்னைப் பொறுத்தவரை இருக்கறதுலயே பெரிய தவறு இதான். அது குப்பைமேட்டுக்குப் போச்சுன்னா மத்த குப்பைக்கு அடியில அமுங்கி, காத்து கிடைக்காம அழுகி மீத்தேனா வெளிய வரும், 100 வருஷக் கணக்குல பார்த்தா கார்பன் டை ஆக்ஸைடை விட கிட்டத்தட்ட 28 மடங்கு பூமியைச் சூடாக்கற வாயு அது. அதே இலையும் புல்லும் காத்தோட்டமா மக்கினா மண்ணுக்குச் சாப்பாடு. அதனால கார்டனிங் சர்வீஸைக் கூப்பிடறப்பவே கேட்டுடுங்க: நீங்களே மக்க வைக்கறீங்களா, வேற கம்போஸ்ட் யார்டுக்கு, அதாவது பெரிய அளவுல உரம் தயாரிக்கற இடத்துக்குக் குடுக்கறீங்களா, கிளையை நொறுக்கற சிப்பர் மெஷின் இருக்கா, உரம் ஆனப்புறம் யாருக்குப் போகுது? ஒழுங்கா பண்றவங்க இதுக்கு ஆர்வமா பதில் சொல்வாங்க. "அதெல்லாம் பார்த்துக்கறோம்"னு மட்டும் சொன்னா விடாம இன்னொரு தடவை கேளுங்க.

ஆனா சர்வீஸ்காரங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும், வண்டி வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்காரங்க கெடுத்து வச்சிருந்தா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சருகோட நாத்துப் பை, கட்டுக்கம்பி, நைலான் கயிறு, சொட்டு நீர் டியூப் துண்டு, உடைஞ்ச தொட்டின்னு எல்லாம் ஒரே மூட்டையில போயிடுது. கம்பி மாட்டினா சிப்பர் பிளேடு போச்சு, பிளாஸ்டிக் மாட்டினா அது பொடிப்பொடியா நறுங்கி உரம் முழுக்கப் பரவிடும், அப்புறம் எந்த சல்லடை போட்டும் எடுக்க முடியாது. பெயின்ட் அடிச்ச பலகை, பூச்சி அரிக்காம இருக்க மருந்து ஏத்தின மரம் இதெல்லாமும் "மரம்தானே"ன்னு உள்ள போகுது, பழைய மருந்து ஏத்தின மரத்துல ஆர்சனிக் கூட இருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம். பிரிக்கற வேலையை வெட்டற இடத்துலயே, வெட்டற நேரத்துலயே பண்ணிடணும்: பச்சை ஒரு பக்கம், காஞ்சது ஒரு பக்கம், கிளை கட்டை ஒரு பக்கம், நோய் வந்த செடியும் மோசமான களையும் தனியா. கலந்ததுக்கு அப்புறம் பிரிக்கறதுன்னா அரிசியும் உளுந்தும் கலந்து கொட்டிட்டுப் பொறுக்கற கதைதான்.

"மக்கும் பை"ன்னு அச்சடிச்ச கவர்ல கட்டிக் குடுத்தா பரவால்லன்னு நினைக்கறவங்களும் உண்டு. ஈஎன் 13432ங்கற ஐரோப்பியத் தரம் மாதிரி சான்று இருக்கற பை கூட தொழிற்சாலை அளவுல சூடு நிக்கற இடத்துக்கானது, அந்தச் சோதனையில வெப்பம் 58 டிகிரி பக்கத்துல இருக்கும். வீட்டுக் குவியல்ல அந்தச் சூடு ரொம்ப நாள் நிக்காது, பை அப்படியே கிடக்கும். கூடையோ சாக்கோ போதும், கொட்டிட்டுத் திருப்பி எடுத்துக்கலாம்.

எரிக்கறது பத்திச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்லணும். நிமிஷத்துல இடம் சுத்தமாயிடுதுன்னு தோணும், ஆனா இலையில இருந்த தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பெரும்பாலும் புகையாப் போயிடும், கூடவே பிஎம் 2.5 நுண்துகள் நுரையீரலுக்குள்ள போகும். அரளிக் கிளையை எரிச்சா அந்தப் புகையே விஷம்.

இப்ப குவியலுக்கு வருவோம், இங்கதான் ஆளாளுக்குச் சொதப்பறாங்க. வெட்டின புல்லை மட்டும் மலை மாதிரி குவிச்சா ரெண்டு நாள்ல அது பிசுபிசுன்னு ஒட்டி, உள்ள காத்து போகாம, மூக்கைப் பொத்தற அளவுக்கு நாறும். காஞ்ச சருகை மட்டும் குவிச்சா மாசக்கணக்குல அப்படியே உக்காந்திருக்கும். காரணம் கார்பன், நைட்ரஜன் விகிதம். மக்கறதுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25லிருந்து 30 பங்கு கார்பன் இருந்தா நல்லது, பச்சைப் புல்லுல அது 15லிருந்து 20 வரைதான், காஞ்ச இலையில 40லிருந்து 80 வரை, மரத்தூள்ல சில நூறு. இதுக்காக கால்குலேட்டர் எல்லாம் எடுக்க வேணாம், ஒரு கூடை பச்சைக்கு ரெண்டு மூணு கூடை காஞ்சதுன்னு போட்டு, நாத்தம் வந்தா காஞ்சதைக் கூட்டுங்க, சூடே ஏறலன்னா ஈரம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு பச்சையைக் கூட்டுங்க. அதனாலதான் சருகு நிறைய விழற காலத்துல எல்லாத்தையும் அனுப்பிடாம கொஞ்சம் சாக்குல சேர்த்து வைக்கணும்னு சொல்றேன், புல் அதிகமா வெட்டற மாசத்துல அதுதான் கைகுடுக்கும்.

ஈரமும் அதே மாதிரி. ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிஞ்சா ஓரிரு சொட்டு வரணும், ஒழுகினா அதிகம், கையை விரிச்சதும் உதிர்ந்தா கம்மி. நாத்தத்தை அடக்க சுண்ணாம்பு தூவறவங்களைப் பார்க்கறேன், அது வேண்டாம், நைட்ரஜன் அமோனியாவாப் பறந்துடும், கிளறி விட்டு சருகு சேர்த்தாலே நாத்தம் போயிடும்.

களையையும் நோய்ச் செடியையும் சும்மா உள்ள தள்ளறது இன்னொரு தவறு, அடுத்த வருஷம் அந்த உரத்தோட களையையும் சேர்த்து விதைச்ச மாதிரி ஆயிடும். குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொண்ணும் ஒரு மீட்டராவது இருந்தாத்தான் உள்ள சூடு நிக்கும். திறந்தவெளி யார்டுகள்ல 55 டிகிரிக்கு மேல குறைஞ்சது 15 நாள், அதுக்குள்ள 5 தடவை திருப்பிப் போடறதுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, ஓரத்துல இருக்கறதும் நடுவுக்கு வந்து சூடு படணும்கறதுக்காக. வீட்டுல அந்த அளவுக்குப் பண்றது கஷ்டம், அதனால விதை கட்டின பார்த்தீனியம், கோரைக் கிழங்கு, அருகம்புல் வேர், வாடல் நோய் வந்த செடி இதையெல்லாம் தனியாக் கட்டி யார்டுக்கு அனுப்பிடுங்க, என்ன இருக்குன்னு சொல்லியே அனுப்புங்க.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. புல்தரையில அகல இலைக் களைக்கு மருந்து அடிச்சிருந்தா, அந்தப் புல்லை உரக்குழிக்குக் குடுக்காதீங்க. குளோபைரலிட், அமினோபைரலிட் மாதிரி மருந்துங்க மக்கினதுக்கு அப்புறமும் முழுசா சிதையாம உரத்துல தங்கிடலாம், அந்த உரம் போட்ட தக்காளி, பீன்ஸ் எல்லாம் இலை சுருண்டு முறுக்கிக்கும். யாரோ பாவம், ஆசையா செடி வச்சவங்க காரணமே தெரியாம தவிப்பாங்க. மருந்து அடிச்சிருந்தா தோட்டக்காரர்கிட்ட சொல்லிடுங்க, எந்த மருந்து, எப்ப அடிச்சதுன்னு. சந்தேகமா இருக்கற உரத்தை ரெண்டு மூணு தொட்டியில மண்ணோட கலந்து பீன்ஸ் விதை போட்டுப் பாருங்க, உரம் போடாத ஒரு தொட்டியும் பக்கத்துல இருக்கட்டும், ரெண்டு மூணு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சிடும்.

அப்புறம், எல்லாத்தையும் வெளிய அனுப்பணும்னு அவசியமே இல்ல. புல்லை ஒரே தடவையில மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாம இருந்தா அந்தத் துணுக்கை தரையிலயே விட்டுடலாம், அதுவே புல்லுக்கு உரம். கிளையை நொறுக்கின சிப்ஸை மரத்தைச் சுத்தி 5லிருந்து 10 சென்டிமீட்டர் வரை மூடாக்கா போடலாம். ஆனா அடிமரத்தை ஒட்டிக் குவிச்சு வைக்காதீங்க, பட்டை ஈரத்துல ஊறி அழுகும், நாலு விரக்கடையாவது தள்ளிப் போடுங்க. சிப்ஸை மண்ணுக்குள்ள புதைச்சுக் கிளறவும் கூடாது, அதை மக்க வைக்கற நுண்ணுயிர் மண்ணுல இருக்கற நைட்ரஜனை இழுத்துக்கும், செடி மஞ்சளாகும். மேல கிடந்தா அந்தப் பிரச்சனை பெருசா வராது.

கடைசியா அவசரம். கறுப்பா ஆயிடுச்சேன்னு பாதி மக்கினதை அள்ளிச் செடிக்குப் போடறாங்க. கிளறினா இன்னும் சூடு வருதுன்னா, அமோனியா வாசம் அடிக்குதுன்னா அது இன்னும் ஆகல, வேரைச் சுட்டுடும். முடிஞ்ச உரம் மழை பெஞ்ச மண்ணு மாதிரி வாசம் வரும், எது இலை எது குச்சின்னு அடையாளம் தெரியாது. அந்த நிலைக்கு வந்தப்புறமும் ஒரு மாசம் சும்மா மூடி வச்சுட்டு, பெரிய குச்சியைச் சலிச்சு அடுத்த குவியல்ல போட்டுட்டு, மிச்சத்தைச் செடிக்குப் போடுங்க.