ஐந்தாம் வகுப்புக்கு மேலே ஒரு தோட்டம்

சித்திரை வெயிலில் எங்கள் பள்ளியின் மாடி வகுப்பில் மின்விசிறி அனலைத்தான் வீசும். அதன் மேலே மொட்டைமாடியில் தோட்டம் போட்டபின் பிற்பகலிலும் பிள்ளைகள் சோர்ந்து தலைசாய்ப்பதில்லை.

நீங்களும் தொடங்குவதானால், தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று முதலில் பொறியாளரிடம் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னைத் தாண்டும். அதனால் நாங்கள் தென்னைநார்க் கழிவையே அதிகம் கலந்தோம்.

அடுத்து, வடிகுழாயை அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் கீழ்க்கூரையைக் கவனியுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டேன். முதல் மழையிலேயே கரும்பலகைக்கு மேலே ஈரத்திட்டு படர்ந்தது. செடி வைத்த எல்லாப் பைகளையும் கீழே இறக்கினோம்.

பைகளைச் செங்கல்மீது வையுங்கள். கற்பூரவல்லியும் பிரண்டையும் வெயில் தாங்கும். கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் மார்புக்கு மேலே இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.