வீட்டுக்குப் போய்வந்த பின் பத்து நிமிடம்: சமூகநலக் களப்பணியாளர் தன் முன்முடிவுகளைத் தானே சோதிப்பது எப்படி?

குடும்பத்தைப் பார்த்து வந்த அன்றே, நினைவு மங்குவதற்குள், நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும்: "மூன்று வயதுக் குழந்தை, பகல் 11 மணி, இன்னும் சாப்பிடவில்லை." வலப்பக்கம் மனதில் ஓடியது: "அம்மாவுக்கு அக்கறை இல்லை." இரண்டும் கலந்தால் அறிக்கை கெட்டுவிடும். "அக்கறை இல்லை" தகவல் அல்ல, தீர்ப்பு. அந்த அம்மா விடியற்காலையே வேலைக்குக் கிளம்பியிருக்கலாம்.

பிறகு வலப்பக்க வரி ஒவ்வொன்றையும் பார்த்து உங்களையே கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? நான் வளர்ந்த வீடா, சாதியா, மதமா, படிப்பா? வசதியான வீடாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேனா? (கடைசிக் கேள்விதான் அதிகம் உறுத்தும்.)

அதற்காக எல்லாவற்றையும் "அவர்கள் வழக்கம்" என்று விட்டுவிடவும் கூடாது. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடந்தால், 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், அத்தகைய குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

நோட்டில் பெயர்கள் வேண்டாம். மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரோடு வலப்பக்கங்களை மட்டும் படியுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.