காட்டுக்குழு தொடங்கும் முன்: குமரி மலைக்குடியிருப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள, காணிப் பழங்குடியினர் வாழும் ஒரு குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் கூட்டம் ஒன்று ஏற்பாடு செய்தோம். காலை 10 மணி என்று சொல்லி அனுப்பியிருந்தோம். படகில் போய் இறங்கினால் மூன்று முதியவர்களும் சில பிள்ளைகளும்தான் இருந்தார்கள். பெண்களில் பலர் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போயிருந்தார்கள். நல்லமிளகு பறிக்கும் காலம் என்பதால் ஆண்களும் வீட்டில் இல்லை. வந்தது வீணாகக் கூடாதே என்று, இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் திரும்பினோம். அதில் எழுதிய ஒன்றுகூட நடக்கவில்லை. தவறு முழுக்க எங்களுடையது.

அதே தவறையும் அதன் உறவுக்காரத் தவறுகளையும் புதிதாக வருபவர்கள் இன்றும் செய்கிறார்கள். காட்டை ஊர்மக்களே குழுவாகக் காத்து நிர்வகிக்கும் சமூக வன மேலாண்மைக்காகக் குமரி மலையோரத்துக்கு வரும் மாணவர்கள், தொண்டு அமைப்பினர், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்கெனவே இருப்பதைப் பார்க்காமல் புதிதாக ஒன்றை அமைப்பது

என் கணக்கில் பெரிய தவறு இதுதான். ஊருக்குள் போனதும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயர்களை எழுதிவிட்டால் குழு பிறந்துவிட்டது என்று நினைக்கிறோம். நாம் போவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அங்கே ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. காணிமக்களிடம் ஊர்த்தலைவராக மூட்டுக்காணி உண்டு. மருத்துவமும் சடங்கும் அறிந்த பிலாத்தி உண்டு. எந்தச் சரிவில் இந்த ஆண்டு விதைப்பது, எதை விட்டுவைப்பது, யாருக்குள் தகராறு வந்தால் எங்கே பேசித் தீர்ப்பது என்பதெல்லாம் இவர்கள் வழியாகத்தான் நடந்து வந்தது.

இதோடு இல்லம் என்ற உறவுமுறையும் சேர்கிறது. காணிமக்கள் பல இல்லங்களாக வாழ்பவர்கள். ஓர் இல்லத்துக்கு இன்னோர் இல்லம் அண்ணன் தம்பி முறையாக வரும், அல்லது மச்சம்பி முறையாக வரும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் மச்சம்பி முறையில்தான். இது தெரியாமல் குழு அமைத்தால் என்ன ஆகும்? நன்றாகப் பேசத் தெரிந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்போம். ஐவரும் ஒரே இல்லத்துக்காரர்களாக இருப்பார்கள். மற்ற இல்லத்தார் எதிர்த்துப் பேச மாட்டார்கள், கூட்டத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். “மக்களிடம் ஆர்வம் இல்லை” என்று நாம் அறிக்கை எழுதுவோம். காட்டுக்குள் ஒருவர் வரம்பு மீறினால் அவரிடம் போய்ச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதையும் உறவுமுறைதான் தீர்மானிக்கும். அபராதப் பட்டியலை அதற்கு அப்புறம் எழுதினால் போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மூட்டுக்காணி சரி என்று சொல்லிவிட்டார், ஊரே சரி என்று சொன்னதாகத்தான் பொருள் என்று எடுத்துக்கொள்வது. பல குடியிருப்புகளில் அந்தப் பொறுப்பின் பிடி இப்போது தளர்ந்திருக்கிறது. படித்த இளைஞர்களும் சுயஉதவிக்குழுப் பெண்களும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள். விறகும் கிழங்கும் கீரையும் தேடி அன்றாடம் காட்டுக்குள் நடக்கும் பெண்களுக்குத் தெரிந்த பாதை, ஊற்று, மரம் பற்றிய விவரம் தலைவர் ஒருவரின் வாயிலிருந்து முழுதாக வராது. மூட்டுக்காணியை முதலில் பார்த்து மரியாதை செய்யுங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

மலையில் இருப்போர் எல்லோரும் ஒரே சமூகம் என்று நினைப்பது

குமரி மலையோரத்தில் காணிமக்களோடு வேறு இருவகை மக்களும் வாழ்கிறார்கள். கீழிருந்து மேலேறி வந்து பயிர் செய்யும் குடும்பங்கள் ஒரு பக்கம். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். அரசு ரப்பர் கழகம் 1984-இல் உருவானது. அதன் தோட்டங்கள் நிற்பதும் வனநிலத்தில்தான். காணிக்கு அந்தச் சரிவு மூதாதையர் நிலம், தொழிலாளிக்கு அது சம்பளம் தரும் இடம். இருவருக்கும் நியாயம் உண்டு. ஒரே கூட்டத்தில் உட்காரவைத்து ஒரே விதியைச் சொன்னால் இருவருமே அதை ஏற்க மாட்டார்கள். முதலில் தனித்தனியாகப் பேசுங்கள், பிறகு சேர்த்து உட்காரவையுங்கள்.

தனிப்பட்டா வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று விடுவது

காட்டில் வாழ்வோரின் நில உரிமையையும் காட்டு உரிமையையும் ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் பிறந்த நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமை ஆவணம் வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே வழி திறந்தது. இவ்வளவு காத்திருந்ததால், வீட்டடி நிலத்துக்கும் பயிர் செய்யும் விளைக்கும் ஆவணம் கிடைத்தால் போதும் என்று மக்களே நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் காட்டை நிர்வகிக்கும் உரிமை வேறு பிரிவில் இருக்கிறது. வழக்கமாகப் பயன்படுத்திக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்கவும், மீளுருவாக்கவும், நிர்வகிக்கவும் ஊருக்கு உரிமை உண்டு என்று பிரிவு 3(1)(i) சொல்கிறது. காப்புக்காடு, சரணாலயம் இரண்டும் இதில் அடங்கும். குமரியில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் காடு 2008-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. “சரணாலயம் ஆகிவிட்டது, இனி ஒன்றும் கேட்க முடியாது” என்று சிலர் மக்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்வது தவறு, மக்களுக்குக் கேடும்கூட.

கூட்டுக் காடு மேலாண்மைக்காக வனத்துறை அமைக்கும் குழுவையும் வன உரிமைக் குழுவையும் ஒன்றாகக் குழப்புவது இதன் இன்னொரு முகம். 1990-இன் மத்திய அரசு சுற்றறிக்கையிலிருந்து வளர்ந்தது முதலாவது. 1997-இல் தொடங்கிய காடுவளர்ப்புத் திட்டத்தோடுதான் அது தமிழ்நாட்டில் பரவியது. நிர்வாக ஆணையால் வந்தது, திட்டப் பணம் தீர்ந்ததும் பல ஊர்களில் தூங்கிவிட்டது. இரண்டாவது சட்டத்தால் வந்தது. கிராமசபையே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 முதல் 15 உறுப்பினர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள், பழங்குடியினர் இருக்கும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்காவது பழங்குடியினர். கிராமசபையில் உறுப்பினர்களில் பாதிப்பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். நாங்கள் மூன்று முதியவர்களிடம் வாங்கிய கையெழுத்துக்கு இந்தச் சட்டத்தின் முன் எந்த மதிப்பும் இல்லை.

அறிவை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவது

இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். அகத்தியர்மலையின் மேற்குப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1987-இல் தாவர ஆய்வாளர்கள் சிலர் காணி வழிகாட்டிகளோடு மலையேறினார்கள். ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகள் ஒரு சிறுசெடியின் காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995-இல் கோவையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் தரப்பட்டது. அந்த வருவாயில் பாதி காணிமக்களுக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்மாதிரியாக உலகமே இதைப் பேசியது. அந்தப் பாராட்டு நியாயமானதுதான்.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? பணத்தைப் பெற்றுக்கொள்ள மக்களுக்கென்று ஓர் அமைப்பு இருக்கவில்லை. அறக்கட்டளை பதிவானதே 1997-இல்தான். முதல் தொகை போய்ச் சேர்ந்தது 1999-இல். அதற்குள் சில குடியிருப்புகள், “எங்களிடம் யாரும் கேட்கவில்லை” என்றன. பிலாத்திகள் சிலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்கள் மரபில் அந்த அறிவு எல்லோரிடமும் சொல்லக்கூடியது இல்லை. வழிகாட்டிகள் சிலரின் சம்மதத்தை முழுச் சமூகத்தின் சம்மதமாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

நம் பக்கத்தில், ஊரின் செடி, உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் தொகுக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதும்போது இதை மறக்கக் கூடாது. செடியின் பெயர், எங்கே வளர்கிறது, எந்த மாதம் காய்க்கிறது என்பவற்றை எழுதலாம். எந்த நோய்க்கு, எந்த அளவில், எதோடு சேர்த்து என்பதைச் சொன்னவரின் ஒப்புதலும் ஊரின் ஒப்புதலும் இல்லாமல் எழுதாதீர்கள், படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1)(k) தெளிவாகச் சொல்கிறது.

பிலாத்தி கொக்கரை என்ற இரும்புக் கருவியை இசைத்துச் சாற்றுப்பாட்டு பாடுவதை விழா மேடையில் ஐந்து நிமிட நிகழ்ச்சியாக வைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியை உட்காரவைத்து இரவெல்லாம் பாடும் பாட்டு அது. கேட்டால் பாடுவார்கள், மறுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

குமரி முழுவதற்கும் ஒரே மழை, ஒரே மரம்

ஆரல்வாய்மொழியில் காற்று அடிக்கும். மழை குறைவு, முள்காடு. குலசேகரத்துக்கு மேலே போனால் பசுமை மாறாக் காடு, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. மற்ற மாவட்டங்களுக்கு எழுதிய நடவு அட்டவணை ஐப்பசி மழையை நம்பியது. மேற்குச் சரிவில் நாற்று நட ஜூன் மழையே ஏற்றது. வேர் பிடித்த பிறகு வடகிழக்கு மழையும் வந்து சேரும். தேதியை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கும்பம், மீனம், மேடம் என்று அவர்கள் மலையாள மாதம் சொன்னால் அதையே குறித்துக்கொள்ளுங்கள். என்ன மரம் என்பதையும் அவர்களே சொல்லட்டும். தேக்கும் வேலமரமும் நம் கோப்பில் நன்றாகத் தெரியும். பிசின் தரும் குந்திரிக்கமும் குடம்புளியும் நின்றால் அவர்களுக்கு ஆண்டுதோறும் வருமானம்.

காட்டுக்கிழங்கு தோண்டுபவர்கள் கொடியின் தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்துவிட்டு வருவதைக் கவனியுங்கள். “கிழங்கு எடுக்கத் தடை” என்று விதி எழுதுவதற்கு முன் இதைப் பார்த்திருக்க வேண்டும். தோண்ட ஆள் போகாத இடத்தில் புதைக்கவும் ஆள் இருக்காது.

கூட்டத்தை எப்போது வைப்பது என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். பால்வெட்டு முடிந்து, அடுப்பு வேலையும் ஓய்ந்த மாலை நேரத்தில் வையுங்கள். எந்த நாள் என்பதை அவர்களே குறிக்கட்டும். அணைக்கு அக்கரை ஊர் என்றால் அன்று திரும்பப் படகு கிடைக்காது, தங்க வேண்டியிருக்கும். வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய அரிசியையும் எண்ணெயையும் கையோடு எடுத்துப் போங்கள். மரச்சீனிக் கிழங்கும் பால் சேர்க்காத கட்டன் சாயாவும் அவர்கள் தந்துவிடுவார்கள்.